லாபம் உறுதி, நஷ்டம் யாருக்கு?

தில்லியிலிருந்து யமுனையைக் கடந்து நொய்டாவுக்குப் போகும் டி.என்.டி. சாலையில் 2016 அக்டோபர் 26 வரை காசு கொடுக்காமல் கார் ஓட்ட முடியாது. அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தச் சொன்னது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. போட்ட பணம், பராமரிப்புச் செலவு, கணிசமான லாபம் எல்லாவற்றையும் நிறுவனம் ஏற்கெனவே எடுத்துவிட்டது, இனியும் மக்களிடம் வசூலிக்கக் காரணமில்லை என்பது நீதிபதிகளின் முடிவு. நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் தொடுத்த வழக்கு இது. தீர்ப்பு வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தினமும் கட்டிய பணம் வந்தவர்களுக்குத் திரும்பவில்லை.

சாலையைக் குறை சொல்ல முடியாது. எட்டுத் தடங்கள், ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2001இல் திறந்தபோது நெரிசலில் தவித்த அலுவலகக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அரசிடம் பணமில்லை, தனியார் கட்டட்டும், பயன்படுத்துகிறவர் கட்டணம் செலுத்தட்டும் என்ற யோசனையிலும் தவறில்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சூத்திரத்தில்தான் வில்லங்கம்.

1997இல் நொய்டா ஆணையமும் ஐ.எல்.&எஃப்.எஸ். நிறுவனமும், அது உருவாக்கிய நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனியும் கையெழுத்திட்டன. டெண்டர் கிடையாது. சாலைக்கான செலவு சுமார் ரூ.408 கோடி. ஆண்டுக்கு 20 சதவீத வருமானம் உறுதி. அதாவது முதல் ஆண்டிலேயே செலவு போகக் கையில் சுமார் ரூ.82 கோடி நிற்க வேண்டும். குறைந்தால் அந்தக் குறை அடுத்த ஆண்டின் முதலோடு சேரும். சேர்ந்த தொகைக்கும் 20 சதவீதம். கந்துவட்டிக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எதுவுமே கழியவில்லை என்று வைத்துக்கொண்டால் 408 கோடி நான்கு ஆண்டுகளில் இரு மடங்கைத் தாண்டும். பத்து ஆண்டுகளில் 2,500 கோடியாகும். முப்பது ஆண்டுகளில் 96,000 கோடிக்கு மேல். 30 ஆண்டு உரிமம் முடிந்தும் பாக்கி இருந்தால் இரண்டிரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கலாம் என்றும் ஒப்பந்தம் சொன்னது.

இதன் விளைவு விசித்திரமானது. நிறுவனம் கடனை அடைத்தது, பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுத்தது. ஆனால் ஒப்பந்தக் கணக்கில் மட்டும் மக்கள் தர வேண்டிய பாக்கி வளர்ந்துகொண்டே போனது. செலவைக் குறைக்க நிறுவனத்துக்கு அவசியமே இல்லை. எவ்வளவு செலவானாலும் அதன் மேல் 20 சதவீதம் கிடைக்குமே!

நாட்டுக்கு இது முதல் பாடமும் அல்ல. 1991க்குப் பிறகு மின்துறையில் தனியாரை வரவேற்ற மத்திய அரசு, ஒரு நிலையம் 68.5 சதவீதத் திறனில் ஓடினாலே பங்கு முதலீட்டுக்கு 16 சதவீத வருமானம் என்றது. அந்த அழைப்பில் வந்தவர்களில் பெரியது அமெரிக்காவின் என்ரான். மகாராஷ்டிரத்தின் தாபோலில் நிலையம். இங்கும் டெண்டர் இல்லை. 1993இலேயே உலக வங்கி, திட்டம் பொருளாதார ரீதியில் சரிப்படாது என்று கடன் தர மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாநில மின்வாரியம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்துக்கான நிலைக் கட்டணம் தர வேண்டும். எரிபொருள் விலை ஏறினால் வாரியத்தின் தலையில். டாலர் ஏறினாலும் வாரியத்தின் தலையில். வாரியம் தராவிட்டால் மாநில அரசு. அதுவும் தராவிட்டால் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம்.

1995இல் சிவசேனை-பா.ஜ.க. அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே இன்னும் பெரிய திட்டமாக அதே அரசு அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தது. 1996 மே மாதம் 13 நாள் மட்டுமே இருந்த வாஜ்பாய் அரசு, போகிற போக்கில் எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் தந்தது. 1999இல் 740 மெகாவாட் ஓடத் தொடங்கியது. 2000இல் சில மாதங்களில் ஒரு யூனிட் 7 ரூபாயைத் தாண்ட, வாரியம் திணறியது. 2001 மே மாதம் நிலையம் நின்றது. அந்த டிசம்பரில் என்ரானே திவால். கடைசியில் 2005இல் பொதுத்துறையின் என்.டி.பி.சி.யும் கெயிலும் சேர்ந்த நிறுவனம்தான் தாபோலை ஏற்க வேண்டி வந்தது. இதே காலத்தில் இந்தோனேசியாவும் இப்படித்தான் மாட்டியது. டாலர் கணக்கில் தனியார் மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்ட அதன் அரசு மின் நிறுவனம், 1997இல் ருபையா சரிந்ததும் பணம் கட்ட முடியாமல் விழி பிதுங்கியது.

டெண்டர் விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? குஜராத்தின் முந்த்ராவைப் பார்க்கலாம். 4,000 மெகாவாட் நிலையத்துக்கு முறையான போட்டி. யூனிட் சராசரியாக ரூ.2.26 என்று கேட்டு டாடா பவர் வென்றது. இந்தோனேசிய நிலக்கரி மலிவாகவே கிடைக்கும் என்பது அந்த விலையின் அஸ்திவாரம். 2010இல் இந்தோனேசிய அரசு, ஏற்றுமதி நிலக்கரி உலகச் சந்தை விலைக்கே விற்க வேண்டும் என்று விதி செய்ததும் அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. நிறுவனம் கூடுதல் விலை கேட்டது. ஒழுங்குமுறை ஆணையம் தரவும் சம்மதித்தது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: தெரிந்தே ஏற்ற வியாபார ஆபத்து இது, வாங்குகிறவர் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் 2022 கோடையில் மின்சாரம் பற்றாமல் போனபோது மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11ஆவது பிரிவை எடுத்தது. இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் எல்லாம் ஓட வேண்டும், நிலக்கரியின் கூடுதல் விலையை மின்சாரம் வாங்குகிறவர் தர வேண்டும் என்றது. கோர்ட்டில் கிடைக்காத விலை, பற்றாக்குறையில் கிடைத்தது.

மூன்று கதைகளிலும் ஒன்று பொது. சாலையும் மின்சாரமும் நின்றுவிட முடியாத சேவைகள். ஒரு சோப்புக் கம்பெனி மூடினால் மக்கள் வேறு சோப்பு வாங்குவார்கள். பாலத்தையும் மின்நிலையத்தையும் அப்படி விட்டுவிட முடியாது என்பது அரசுக்கும் தெரியும், முதலீட்டாளருக்கும் தெரியும். எனவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கடைசி ஆபத்து மக்களிடம் வந்து நிற்கும். லாபத்தை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்து கொடுத்தால், தனியார் முதலீடு என்பது அதிக வட்டிக்கு வாங்கிய அரசுக் கடன் என்றாகிவிடும். அரசு நேரடியாகக் கடன் வாங்கியிருந்தால் 20 சதவீதம் கொடுத்திருக்க வேண்டாம். டி.என்.டி.யை உருவாக்கிய ஐ.எல்.&எஃப்.எஸ். 2018இல் சுமார் 90,000 கோடி ரூபாய்க் கடனோடு கவிழ்ந்தபோது, அதற்குக் கடன் கொடுத்தவர்களில் பொதுத்துறை வங்கிகளும் இருந்தன. சாலையில் சுங்கம் கட்டியவரின் சேமிப்பும் அந்த வங்கிகளில்தான் இருக்கிறது.

தனியார் பணம் வேண்டாம் என்பதற்கில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் 2016 முதல் உள்ள ஒரு முறையில், கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு தருகிறது. மீதியைப் பிறகு தவணையாகத் தருகிறது. வண்டி குறைவாக ஓடினால் வரும் நஷ்டம் அரசுடையது. கட்டி முடித்துப் பராமரிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. நஷ்டம் யாருக்கு என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

அந்த வெளிச்சம் எல்லாத் திட்டங்களுக்கும் வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அரசு தரும் ஒவ்வொரு உத்தரவாதமும் எவ்வளவு ஆகலாம் என்று பட்ஜெட்டோடு சொல்ல வேண்டும். வருமானத்துக்கு உச்சவரம்பு, உரிமத்துக்கு முடிவுத் தேதி இரண்டும் நீட்டிக்க முடியாதபடி இருக்க வேண்டும். நொய்டா ஒப்பந்தத்தின் சூத்திரம் 1997இலேயே வெளியே வந்திருந்தால், வட்டிக் கணக்கு தெரிந்த யாரும் அதில் உள்ள ஓட்டையைக் காட்டியிருப்பார்கள். கோர்ட் காட்ட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.