விளக்கு யாருக்கு? விலைச்சீட்டு யாருக்கு?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். அங்கே 2001-ஆம் ஆண்டில் தனியார் மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கிற்று. அதன் திறன் 106 மெகாவாட். அது எரித்தது நிலக்கரியா? அன்று! பெட்ரோலும் டீசலும் வடித்தெடுத்த பின்னர், சுத்திகரிப்பு ஆலையின் அடியிலே தங்குகிறதே கனத்த எண்ணெய், அதைத்தான் எரித்தது. எண்ணெய்க் கிணறும் இல்லாத, சுத்திகரிப்பு ஆலையும் இல்லாத ஊரில், எண்ணெயை எரித்து மின்சாரம்!

தனியார் வந்தால் தட்டுப்பாடு தீரும் என்று 1991-இல் தில்லி சட்டத்தைத் திருத்தியது. 1992-இல் அறிவிக்கை வந்தது. நிலையம் தன் திறனில் 68.5 விழுக்காடு ஓடினாலே போட்ட பங்கு முதலுக்கு 16 விழுக்காடு இலாபம் உறுதி என்றது. மின்சாரம் வேண்டாம், நிறுத்து என்று வாரியம் சொன்னாலும், உற்பத்தி செய்ததாகவே கருதிக் கணக்கு எழுதலாம் என்ற ஏற்பாடும் பிறந்தது. எரிபொருள் விலை ஏறினால் ஏற்றம் வாரியத்தின் தலையில். வாரியத்தின் சுமை மக்களின் தலையில். நட்டத்தை மக்களுக்கும் இலாபத்தை முதலாளிக்கும் பங்கிட்டுத் தரும் இந்தப் பாகப் பிரிவினைக்குத்தான் ‘சீர்திருத்தம்’ என்று பெயர் சூட்டினார்கள்!

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 147 டாலரைத் தொட்டது. சந்தையிலே கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்காமல் திரும்பி வரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாரியத்துக்கு அந்த உரிமையும் இல்லை. மின்சாரத்தை வாங்காமல் விட்டாலும் நிலைக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும்.

சரி, விலை கொடுத்தோம், விளக்காவது எரிந்ததா? 2012-ஐ மறந்துவிட்டீர்களா? மதுரைச் சீமையில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு! பம்புசெட் நின்றது, தறி நின்றது, மாவு அரைக்கும் பொறி நின்றது. பக்கத்திலேயே மின் நிலையம். பரவையின் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு! அண்டையில் புகைபோக்கி நிற்பதாலேயே அவ்வூருக்கு மின்சார உரிமை வந்துவிடாது என்பதே சமயநல்லூர் புகட்டிய பாடம். பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. பாடம் மட்டும் முடியவில்லை.

மராட்டியத்தைப் பாருங்கள். தாபோலில் என்ரான் நிறுவனம் 1993-இல் ஒப்பந்தம் போட்டது. 1999-இல் நிலையம் ஓடிற்று. விலை கட்டாமல் 2001-இல் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் என்ரானே திவாலாயிற்று. பின்னர் அந்த நிலையத்தை எடுத்து நிறுத்த வந்தவர் யார்? தனியாரா? இல்லை, பொதுத்துறை நிறுவனங்களே! இலாபக் காலத்தில் பழிக்கப்படும் பொதுத்துறை, இழவுக் காலத்தில் மட்டும் தோள் கொடுக்க அழைக்கப்படுகிறது.

இதை இன்று ஏன் நினைவூட்டுகிறோம்? நாகை மாவட்டம் பனங்குடியில், 1993-இல் எழுந்த சிறிய சுத்திகரிப்பு ஆலையின் இடத்தில், ஆண்டுக்கு 90 இலட்சம் டன் திறனுள்ள பேராலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நீராவியும் மின்சாரமும் இன்றி எந்தச் சுத்திகரிப்பு ஆலையும் இயங்காது. ஆகவே, ஆலையோடு ஒட்டியே மின் நிலையம் அமைப்பது உலக வழக்கம். எரிவாயுவால் சுழலியை ஓட்டி, வெளிவரும் வெப்பத்தைக் கொண்டே நீராவியும் எடுக்கலாம். நல்ல விஞ்ஞானம், அதனோடு நமக்குச் சண்டை இல்லை.

“தொழில் வளர்ச்சிக்குப் பகைவர்கள்” என்று நம்மைச் சிலர் ஏசக்கூடும். யார் பகைவர்? 1965-இல் நிறுவப்பட்டு, 1969-இல் மணலியில் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை அரசின் பங்கோடு எழுந்ததை வரவேற்கிறவர்கள் நாம். வழுதூரிலும் குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் நம் மண்ணின் எரிவாயுவைக் கொண்டு அரசே மின்சாரம் எடுத்ததைப் பெருமையோடு சொல்கிறவர்கள் நாம். நாம் எதிர்ப்பது இயந்திரத்தை அல்ல. இயந்திரத்தின் பின்னே ஒளிந்து நிற்கும் ஒப்பந்தத்தை!

எரிவாயு என்றாலே மலிவு என்று மயங்கவும் வேண்டாம். 2019-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே, வாயு இன்றி முடங்கிய நிலையங்களின் திறன் 14,000 மெகாவாட்டுக்கு மேல் என்று எடுத்துக் காட்டிற்று. 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும் கப்பலில் வரும் வாயுவின் விலை விண்ணைத் தொட்டது. எங்கோ வெடிக்கும் குண்டுக்கு இங்கே கட்டணம் கட்டுவது யார்?

2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. கடலை நம்பிய மீனவர் கொதித்தெழுந்தார்கள். நிலம் தந்த உழவரோ மறுவாழ்வு கேட்டுப் போராடினார்கள். அவர்கள் கேட்டது பிச்சை அன்று, உரிமை!

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. பனங்குடியிலோ வேறெங்கோ, சுத்திகரிப்பு ஆலையோடு எழும் மின் நிலையம் பொதுத்துறையின் உடைமையாகவே இருக்க வேண்டும். எரிபொருள், விலை, ஆண்டு, அபராதம் அனைத்தும் அடங்கிய ஒப்பந்தம், கையெழுத்தாகும் முன்பே தமிழில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அடுப்பு பற்றுவதற்கு முன், நிலமிழந்தோர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

தோழர்களே! கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். மின் கட்டணச் சீட்டைக் கையிலேந்திக் கேளுங்கள்: விளக்கு யாருக்கு? விலைச்சீட்டு யாருக்கு? பரவை பட்ட பாடு, பனங்குடிக்குப் பாடமாகட்டும்!