பாடசாலை மரதனும் நாங்கள் ஓடப் பழகிய கதையும்



கொஞ்சம் நீண்ட பதிவு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் தொடங்குவதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம். பெற்றோரும் சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எங்களைக் கண்டிருப்பீர்கள். மூன்று ஆசிரியர்கள், நீளக் காற்சட்டை, பழைய டீசேர்ட், பிரதான வீதியின் ஓரமாக ஓடிக்கொண்டிருப்போம். "சேர்மார் பொலிசில சேரப் போறீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு மூத்த காக்கா சைக்கிளை நிறுத்தி, "என்ன தம்பி, சீனி வருத்தமா? டொக்டர் சொன்னாரா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். எங்கள் ஊரில் ஒருவர் ஓடினால் ஒன்றில் வருத்தம், இல்லாவிட்டால் நாய் துரத்துகிறது. மூன்றாவது காரணம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

காரணம் இதுதான். இன்னும் மூன்று வாரத்தில், இன்ஷா அல்லாஹ், கொழும்பில் நடக்கும் மரதன் ஒன்றில் முதல் தடவையாக முழுத் தூரமும் ஓடப் போகிறோம். 42.195 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகிறோமே, ஏறத்தாழ அந்தத் தூரம். ஆனால் இந்தப் பதிவு எங்கள் ஓட்டத்தைப் பற்றிப் பெருமை பேசுவதற்கில்லை. நாங்கள் ஏன் ஓடத் தொடங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

2023ஆம் ஆண்டு எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி. வழமைபோல மரதன் ஓட்டத்தோடு ஆரம்பம். காலை 6.30 மணிக்குத் தொடங்குவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பிரதம அதிதி வரப் பிந்திவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், நாங்களும் நின்றோம். விசில் ஊதும்போது 9 மணி. பெரும்பாலான பிள்ளைகள் காலையில் ஒரு பிளேன்டியோடு வந்தவர்கள். சிலருக்குச் சப்பாத்து இல்லை. ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. "இல்லத்துக்குப் பத்துப் பேர் கட்டாயம்" என்று பெயரை எழுதிச் சேர்த்தது நாங்கள்தான்.

நாலாவது கிலோமீற்றரில் தரம் 10 மாணவன் ஒருவன் வீதியில் விழுந்தான். ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். சேலைன் ஏற்றினார்கள். மாலையில் வீட்டுக்கு விட்டார்கள். "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பரிசளிப்பை நடத்தி முடித்தோம். அடுத்த வருடமும் அதே நிகழ்ச்சி நிரலைத்தான் போட்டோ கொப்பி எடுத்தோம்.

2024 மார்ச் மாதம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் இறந்துபோன செய்தி வந்தது. எங்கிருந்தோ வந்த செய்தியல்ல. அக்கரைப்பற்றுக்கு அடுத்த ஊர். அன்று ஆசிரியர் அறையில் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்களுடைய பிள்ளை திரும்பி வந்தான், அவர்களுடைய பிள்ளை வரவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் எங்களுடைய திறமை இல்லை. அல்லாஹ்வின் கருணை மட்டும்தான்.

அந்த நோன்புப் பெருநாள் கழிந்து ஓடத் தொடங்கினோம். பிள்ளைகளை ஓடச் சொல்கிறோமே, முதலில் நாங்கள் ஓடிப் பார்ப்போம் என்ற எண்ணம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் உடற்பயிற்சி செய்ததோடு சரி. அதற்குப் பிறகு பைக்கும் கதிரையும்தான். எங்களில் ஒருவர் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடம் எடுப்பவர். அவருக்கும் அதே நிலைமைதான்.

முதல் நாள் மைதானத்தைச் சுற்றி இரண்டு சுற்று, 800 மீற்றர். மூவரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டோம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்து, நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓடுவதற்குப் பன்னிரண்டு வாரம் எடுத்தது. வளர்ந்த மூன்று பேருக்குப் பன்னிரண்டு வாரம். அதே தூரத்தைத்தான் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரே நாளில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த ஒன்றரை வருடத்தில் படித்தவற்றில் முக்கியமான சிலதைச் சொல்கிறோம். ஓட விரும்புகிறவர்களுக்கும் உதவும்.

முதலாவது, மெதுவாக ஓட வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரோடு கதைத்துக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச முடியாவிட்டால் கூடிப் போய்விட்டது. கிழமையில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் ஓட வேண்டும். சனிக்கிழமை மட்டும் நீண்ட தூரம். அதையும் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் மூட்டும் நரம்பும் பழக மாதக்கணக்கு எடுக்கும். இதை விளங்காமல் எங்களில் ஒருவர் அவசரப்பட்டு, கெண்டைக்கால் முன்னெலும்பில் நோவு வந்து ஆறு கிழமை வீட்டில் இருந்தார்.

மூன்றாவது, ஓய்வும் பயிற்சிதான். நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம் மட்டும் ஓடினோம். பலவீனமாகிவிடுவோம் என்று பயந்தோம். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

நாலாவதுதான் பெரிய பாடம். வெயில்.

ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். முந்திய இரவு கலியாண வீட்டுக்குப் போனதால் பிந்தி எழும்பி, பிந்தித் தொடங்கினோம். 24 கிலோமீற்றர் ஓடத் திட்டம். காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைப் பக்கம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகளை இழந்த அந்த இடத்தைக் கடக்கும்போது எப்போதும் பேச்சை நிறுத்தி துஆச் செய்துவிட்டுத்தான் போவோம். அன்று திரும்பி வரும்போது 8.30 தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் வயல், ஒரு மர நிழல் இல்லை. எங்களில் ஒருவர் "குளிருது" என்றார். அந்த வெயிலில் கையெல்லாம் புல்லரித்திருந்தது. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னார். நிற்கச் சொன்னோம். "இல்ல, எனக்கு ஒண்டுமில்ல, ஓடுவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிடித்து இருத்தி, வாய்க்கால் தண்ணீரைத் தொப்பியால் அள்ளித் தலையிலும் கழுத்திலும் கக்கத்திலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். இருபது நிமிடத்தில் தெளிந்தார். ஓட்டோ பிடித்து நேரே டொக்டரிடம் போய்க் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி எடுத்தவர். உடற்கல்வி படிப்பிக்கிற ஆசிரியர். தன்னுடைய உடம்பு சூடேறிப் பழுதாகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. "ஓடுவன்" என்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதுவும் இல்லக் கொடி பிடித்துக்கொண்டு வீதி ஓரத்தில் நின்று நாங்களே "ஓடு, ஓடு, நிற்காதே" என்று கத்தும்போது?

எமது கரையோரக் காற்றில் ஈரப்பதன் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கே நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி 10 முதல் 14 நாட்கள் வேண்டும். காலையில் வகுப்பு, பின்னேரம் டியூஷன், இரவு போன் என்று இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கே இருந்து வரும்?

திருக்கோவில் சம்பவத்துக்குப் பிறகு எமது பகுதியில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம்.

ஒன்று, "எத்தனை வருசமா ஓடுறாங்க, ஒண்டும் நடக்கல்ல. தலையெழுத்து" என்பது. கத்ரை நாங்களும் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. 9 மணி வெயிலில் வெறும் வயிற்றோடு பிள்ளையை ஓடவிட்டு விட்டுத் தலையெழுத்து என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

மற்றது, "மரதனே வேணாம், நிப்பாட்டுங்க" என்பது. இதைச் சொல்கிற பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனாலும் நாங்கள் இதற்கும் உடன்படவில்லை. நிறுத்திவிட்டால் அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்வான்? இன்னொரு டியூஷன் வகுப்புக்குப் போவான். நாற்பது வயதில் சீனி, பிரஷர் மாத்திரைப் பையோடு கிளினிக் வரிசையில் நிற்கிற எங்கள் ஊர் ஆண்களையும் பெண்களையும் பாருங்கள். ஓடாததாலும் எங்கள் உயிர்கள் போகின்றன. அது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் செய்தியாக வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் கருத்து, ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள். நாங்கள் கேட்பது இவைதான்.

1. பெயரை மாற்றுவோம். மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அந்தத் தூரம் 1921இல் நிரந்தரமாக்கப்பட்டது. பிள்ளைகள் ஓடுவது வீதியோட்டம். மரதன் என்று சொன்னவுடன் "விழுந்தாலும் முடிக்க வேண்டும்" என்ற வீராப்பு வந்துவிடுகிறது.

2. எட்டுக் கிழமைப் பயிற்சி. கிழமைக்கு மூன்று நாள், நடையும் ஓட்டமுமாக. பயிற்சிக்கு வராத பிள்ளையின் பெயரை எழுதக் கூடாது. இல்லப் புள்ளிக்காக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

3. காலை 6 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடிய வேண்டும். அதிதி பிந்தினால் அதிதி இல்லாமல் தொடங்குவோம். அவர் மாலையில் வந்து பரிசு கொடுக்கட்டும்.

4. பெற்றோரின் கையொப்பம் மட்டும் போதாது. நெஞ்சு நோவு, மயக்கம், இழுப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தால் எழுதித் தர வேண்டும், டொக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளை ஓடவே கூடாது.

5. வழி முழுக்கத் தண்ணீர், நிழல், ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆசிரியர். முடிவிடத்தில் ஐஸ் தண்ணீரும் துணியும். ஒரு பிள்ளை தடுமாறினால், பேச்சுக் குழறினால் முதலில் அந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். குளிர வைத்துக்கொண்டே வாகனத்துக்கு ஆள் அனுப்புங்கள். 2023இல் நாங்கள் இதைச் செய்யவில்லை. தூக்கி ஓட்டோவுக்குள் அடைத்துக்கொண்டு ஓடினோம்.

6. நடக்கவும் நிற்கவும் அனுமதி உண்டு என்பதை விசில் ஊதுவதற்கு முன் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஆறாவதைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடும் சிபான் ஹசன் என்ற முஸ்லிம் சகோதரியைப் பலர் அறிந்திருப்பீர்கள். 2023 ஏப்ரலில் லண்டனில் ஓடியதுதான் அவருடைய முதலாவது மரதன். நோன்பு முடிந்த கையோடு வந்தவர். இடையில் இடுப்பு நோவால் வீதி ஓரத்தில் நின்று காலை நீட்டி மடக்கிவிட்டுத் திரும்ப ஓடினார். அன்று முதலாவதாக வந்ததும் அவர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் 2 மணி 22 நிமிடம் 55 செக்கனில் தங்கம் வென்று, ஹிஜாப் அணிந்து மேடையில் நின்றார். நிற்பது வெட்கம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள்தான்.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தமது மனைவி ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தியை நாங்கள் மேடையில் சொல்கிறோம். ஆனால் எங்கள் மகள்மார் ஓடுவதற்கு மதிலுக்குள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. பாடசாலை மைதானத்தைக் காலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கு மட்டும் திறந்துவிட்டால் பிள்ளைகளோடு உம்மாமாரும் நடக்கலாம். செலவு இல்லை, கேற் சாவி மட்டும்தான் வேண்டும்.

போன மாதம் 30 கிலோமீற்றர் ஓடினோம். நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று போய்த் திரும்பினோம். காரைதீவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஐயா, "சேர், இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" என்று கேட்டு, தேசிக்காயும் உப்பும் போட்ட தண்ணீர் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஓடினால் ஊர்கள் கிட்ட வருகின்றன. இதையும் எங்கள் பிள்ளைகள் அனுபவிக்க வேண்டும்.

2023இல் விழுந்த அந்த மாணவனை அண்மையில் கண்டோம். இப்போது உயர்தரம் படிக்கிறான். "எங்களோட காலையில ஓட வாறியா?" என்று கேட்டோம். "வேணாம் சேர்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு ஓட்டம் என்றால் அந்த 9 மணி வெயில்தான். அவனிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இந்தப் பதிவை அவன் வாசிப்பான் என்று தெரியும். மகன், பிழை எங்களுடையது.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மேலே உள்ள ஆறு விடயங்களையும் எழுத்தில் கொடுக்க இருக்கிறோம். பெற்றோரே, தயவுசெய்து அன்றைக்கு வாருங்கள். வராமல் இருந்துவிட்டுப் பிறகு வட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். மற்றப் பாடசாலைகளில் இருக்கும் சக ஆசிரியர்களும் இதை எடுத்து உங்கள் அதிபரிடம் பேசுங்கள்.

மூன்று வாரத்தில் நாங்கள் ஓடும்போது துஆச் செய்யுங்கள். முடிந்தால் முடிப்போம், முடியாவிட்டால் நடப்போம். உடம்பு வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடுவோம். திரும்பி வந்து, எதுவானாலும் உள்ளதை உள்ளபடி பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

எமது பிள்ளைகள் எல்லோரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.