சினந்து வருவாரோடு சொல்லாடல்

நம்மோடு உறைவாருள் எதற்கும் குறை காண்பார் சிலர் உளர். அழைத்தால் ‘ஏன் அழைத்தாய்?’ என்பர், அழையாவிடின் ‘என்னை மறந்தனையோ?’ என்பர். இத்தகையார் முன் வாய்மூடி இருத்தலே நன்று என்பர் நண்பர் பலர். யான் அதற்கு உடன்படேன். பேசாமையும் ஒரு விடையே. சினங்கொண்டார்க்கு அது பெரும்பாலும் இகழ்ச்சியாகவே தோன்றும்.

வேதாகமத்தின் நியாயாதிபதிகள் நூலில், எப்பிராயீம் குலத்தார் இருமுறை ஒரே குறையைக் கூறி வருகின்றனர்: போருக்குச் சென்றபோது தம்மை ஏன் அழைக்கவில்லை என்பதே அது. முதன்முறை அதனைக் கேட்டவன் கிதியோன். 300 பேரோடு மீதியானியரைத் தொடர்ந்து சென்ற அவனுக்கு உட்பூசலுக்கு நேரமேது? பகைத்தலைவராகிய ஓரேபும் சேபும் அகப்பட்டது எப்பிராயீமர் கையிலன்றோ என்றான். தன் குலத்தார் அறுத்த திராட்சை முழுவதினும் அவர் பொறுக்கிய எச்சமே சிறந்தது என்று உவமையும் கூறினான். அவர் சினம் ஆறிற்று.

பின்னொரு காலத்தில் அம்மோனியரை வென்ற யெப்தாவிடம் அதே குறையோடு வந்தனர். அவனோ, தான் அழைத்தும் அவர் வந்திலர் என்று வழக்குரைத்துப் படையுங் கூட்டினான். யோர்தான் துறைகளில் மாண்ட எப்பிராயீமர் 42,000 பேர் என்கின்றது அந்நூல்.

யெப்தா பொய் கூறினான் என்று நூல் சொல்லவில்லை. கிதியோன் கூறியதும் முகமன் அன்று. அத்தலைவரை எப்பிராயீமர் பிடித்தது உண்மை. மெய்கள் பலவற்றுள் எதனை அவ்வேளைக்கு எடுத்தான் என்பதிலேயே அவன் நயம் அமைந்துளது. வள்ளுவர் இனியவை கூறலை 10 ஆம் அதிகாரமாகவும் வாய்மையை 30 ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இரண்டும் ஒரு நாவிற் கூடுதல் அரிது போலும்!

கிதியோன் பணிந்தமையாலன்றோ அவர் செருக்கு வளர்ந்து, யெப்தாவின் வீட்டையே கொளுத்துவோம் என வந்தனர் என்று தோழர் ஒருவர் தடை நிகழ்த்தினார். எளிதில் தள்ளத்தக்க தடையன்று அது. எனினும், நயவுரை ஒருவர் இயல்பை மாற்றும் என்று யான் கூறவரவில்லை. அன்றைய பூசலை அது விலக்கும், அவ்வளவே. பிறர் இயல்பைத் திருத்தும் பொறுப்பை நம்மேல் ஏற்றியவர் யார்?

விடுதித் தோழர் ஒருவர், நாடகத்தில் தமக்கு வேடம் தரப்படவில்லை என்று என்மேற் சினந்தார். நடிகரைத் தெரிந்தெடுத்த நாளில் அவர் வாராமையைச் சான்றுகாட்டி நிறுவினேன். வழக்கில் வென்றேன், இரண்டு திங்கள் அவர் என்னோடு அமர்ந்து உண்டிலர். முன்னாண்டு நாடகத்திற்கு அவர் எழுதித் தந்த பாடல்களை விடுதியார் இன்னும் பாடுகின்றனர். அதுவும் மெய்யே, அன்று அது என் வாயில் வரவில்லை.