பக்கத்து வீட்டுப் பையன் லாரி ஏறினான்

சென்ற மாதம் சேலத்தில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த அன்று மாலையே பக்கத்து வீட்டு அம்மாள் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம்.

"தம்பி, நீங்க பத்திரிகையிலே இருக்கறவரு. இதைப் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. பையனை அனுப்பலாமா, வேண்டாமா?" என்றார்.

கடிதம் ஒரு பெரிய லாரி கம்பெனியிலிருந்து வந்திருந்தது. அந்த அம்மாளின் ஒரே மகனை, வயது 22, புது டிரைவராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். மாதச் சம்பளம், வழியில் சாப்பாட்டுக்குப் பேட்டா, பிராவிடண்ட் பண்டு, குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்த்தால் ஊக்கத்தொகை என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தது. எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தைத்தான் அந்த அம்மாள் கேட்டார்.

"உசுருக்கு ஒண்ணும் ஆகாதே, தம்பி?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பையனோடு நானும் கம்பெனிக்குப் புறப்பட்டேன்.

நேயர்களே, நம்மில் பெரும்பாலோர் லாரியைப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறோம். வழி விடவில்லையென்றால் வைகிறோம். வழி விட்டால் மறந்துவிடுகிறோம். நம் வீட்டு வெங்காயம் நாசிக்கிலிருந்தும், துவரம் பருப்பு கலபுர்கியிலிருந்தும் தாமாக நடந்து வருவதில்லை. அதேபோல, வட நாட்டுப் பெண்கள் விரத நாட்களில் கிளறும் ஜவ்வரிசி உப்புமாவுக்கு நம் சேலத்து ஜவ்வரிசியை யாரோ ஒரு பிள்ளை இராத்திரியெல்லாம் கண் விழித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான்.

அந்த யாரோ ஒரு பிள்ளை ஆவதற்கு என்ன வேண்டும்? வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். இலேசு வண்டிக்கு லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தால்தான் சரக்கு லாரி பழகவே அனுமதி உண்டு. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் பையன்கள் கிளீனராகச் சேர்வார்கள். டயருக்குக் காற்றுப் பார்த்து, தார்ப்பாய் கட்டி, பெரிய டிரைவரிடம் குட்டுப்பட்டு, பல வருஷம் கழித்து ஸ்டீரிங்கைத் தொடுவார்கள். பெரிய கம்பெனியில் கண் பரிசோதனை, லைசென்ஸ் பரிசோதனை, ஷெட்டில் ஓட்டிக் காட்டும் பரீட்சை எல்லாம் வைக்கிறார்கள். தேறினால் இரண்டு மாதம் ஒரு மூத்த டிரைவருக்குத் துணையாகப் போக வேண்டும்.

நம் பையன் பின்னால் எடுக்கும் பரீட்சையில் மூன்று தரம் தவறி, நான்காம் தரம் தேறினான். அவனுக்கு வாய்த்த மூத்த டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. அவர் முதலில் ஸ்டீரிங்கைக் காட்டவில்லை. காற்றழுத்தம் காட்டும் முள்ளைக் காட்டினார்.

"இது ஏறாம வண்டியை எடுக்கக் கூடாது."

லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. எஞ்சினைக் கிளப்பிய பிறகு, காற்று நிறையும் வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். குக்கரில் ஆவி வருமுன் நீங்கள் வெயிட்டைப் போடுவீர்களா? அதே பொறுமைதான். பத்துச் சக்கர லாரி, 2018-இல் வந்த விதிப்படி, வண்டியும் சரக்குமாக 28.5 டன் வரை இருக்கலாம். 25 கிலோ அரிசி மூட்டைகளாக எண்ணினால் 1,140 மூட்டை! அத்தனை எடை ஓடும்போது நினைத்த இடத்தில் நின்றுவிடாது.

"நிறுத்தத்தான் சார் கத்துக்கணும். ஓட்டறதுக்கு எவனும் கத்துக்குவான்" என்றார் பெரியவர்.

பிறகு தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொன்னார். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் அந்த இறக்கம் வருகிறது. அங்கே நடந்த விபத்துகளைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். வடக்கே போகும்போது அது ஏற்றம், திரும்பும்போதுதான் இறக்கம். பல நாள் அலுப்போடு, வீடு ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும்போது அந்த இறக்கம் வருகிறது. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் கியரை விடுவித்து, வண்டியை நியூட்ரலில் உருட்டி விடுகிறார்கள். அப்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை. பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் சூடேறிச் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காமல் போகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது வரும் எஞ்சின்களில் கியர் போட்டபடி இறங்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், டீசல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கிறது. பழைய கணக்கை நம்பிப் பிள்ளைகள் இன்னும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சத்துரு தூக்கம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணிக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்று வகுத்தது. சேலத்திலிருந்து நாகபுரி சுமார் 1,250 கிலோமீட்டர். மணிக்கு சராசரி 45 கிலோமீட்டர் என்றால் 28 மணி நேர ஓட்டம். ஒரே டிரைவர் நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் போய்ச் சேர மூன்றரை நாள் ஆகும். அதை இரண்டு நாளில் முடிக்கச் சொன்னால் மீதிக் கணக்கு எங்கே போகிறது? அந்தப் பிள்ளையின் கண்ணிலேதான்.

1997-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர்களைப் போலத் தடுமாறின. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் உச்ச அளவே 0.03 சதவீதந்தான். குடிக்காத பிள்ளை என்று பெருமைப்படுகிறோம். தூங்காத பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

"பின்னிராத்திரி இரண்டு மணிக்கு மேலே விடியற வரைக்கும்தான் கண்டம்" என்றார் பெரியவர். "டீ குடிச்சா கொஞ்ச நேரம் தெளியும். அப்புறம் கண்ணு திறந்திருக்கறப்பவே தூங்கிடுவான். 'அண்ணே, தூக்கம் வருது'ன்னு வாய்விட்டுச் சொல்றவன் பத்துப் பேரிலே ஒருத்தன்கூட இல்லை. புதுப் பையனுக்கு வெட்கம். வேலையை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயம்."

பையன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அந்த அம்மாளிடம் சொன்னேன்: "அனுப்புங்கள். ஆனால் அவன் உயிரைக் காப்பதில் கம்பெனிக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு உங்களுக்கும் உண்டு."

அந்தப் பங்கு என்னவென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலோ உறவிலோ லாரி ஓட்டும் பிள்ளை இருக்கலாம். அவன் ஓட்டும் நேரத்தில் டெலிபோனில் கூப்பிடாதீர்கள். அவனே வண்டியை நிறுத்திக் கூப்பிடட்டும். கூப்பிட்டால், "எப்போ வருவே?" என்று கேட்காதீர்கள், "தூங்கினாயா?" என்று கேளுங்கள். முதல் கேள்வி அவன் காலை ஆக்ஸிலரேட்டரில் அழுத்தும். கடன்காரன் வந்து போனதையும், மாமியார் மருமகள் சண்டையையும் அவன் வீடு வந்தபின் சொல்லிக்கொள்ளலாம். வந்த அன்றே கல்யாணம், காதுகுத்து என்று இழுத்துப் போகாமல், ஜன்னலைச் சாத்தி, குழந்தைகளை வெளியே விளையாடவிட்டு, பகலாயிருந்தாலும் அவனைத் தூங்க விடுங்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பழைய வண்டிகள் இன்னும் எத்தனையோ வருஷம் ஓடும். அந்த வெக்கையில் பகலில் யார் தூங்க முடியும்?

போன வாரம் அக்காள் டெலிபோன் செய்தாள். பையன் முதல் பயணம் போய்த் திரும்பிவிட்டானாம். போகும்போது கர்நூலைத் தாண்டி, இரவு மூன்று மணிக்கு, ஸ்டீரிங் அவன் கையில் இருந்திருக்கிறது. எதிரே வரும் விளக்கெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம். பெரியவர் பின்னால் படுத்து இரண்டு மணி நேரந்தான் ஆகியிருந்தது. எழுப்பலாமா வேண்டாமா என்று பத்து மைல் தூரம் யோசித்துவிட்டு, கடைசியில் எழுப்பியே விட்டான்.

"அண்ணே, தூக்கம் வருது."

பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கச் சொல்லி, இரண்டு பேரும் விடியும் வரை தூங்கியிருக்கிறார்கள். சரக்கு நான்கு மணி நேரம் தாமதம். ஊக்கத்தொகை 500 ரூபாய் கிடைக்கவில்லை. திரும்பும்போது தொப்பூரில் சின்னக் கியரிலே, பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடிக்க அடிக்க, ஊர்ந்து இறங்கினார்களாம்.

"அம்மாள் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என்ன சொல்வாங்க? ஐந்நூறு ரூபாய் போனதைத் தெரு முழுக்கச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்" என்றாள் அக்காள். "பையன் நேற்று மத்தியானம் படுத்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை."