கடைசி ஆளுக்கும் தண்ணீர்!

ஓட்டப் பந்தயம் என்றால் முதலில் வந்தவன் யார் என்றுதான் ஊர் கேட்கிறது. மறுநாள் பத்திரிகையில் அவன் படம், கழுத்தில் மாலை. நாம் இன்று கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அவனுக்கு வழியிலே தண்ணீர் கொடுத்தவர் யார்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்துக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே ஒரு நெடுந்தூர ஓட்டம் நடந்து வருகிறது. தூரம் ஏறக்குறைய 90 கிலோ மீட்டர். வழியெல்லாம் மேடு, வழியெல்லாம் பள்ளம். அந்த ஓட்டத்தின் பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? 'காம்ரேட்ஸ்' - தோழர்கள்!

அதைத் தொடங்கி வைத்தவர் கோடீசுவரர் அல்லர். ரயில் எஞ்சின் டிரைவர். விக் கிளாப்ஹாம் என்று பெயர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் படையோடு நடந்து, கூட நடந்தவர்கள் மடிவதைக் கண்டவர். மாண்ட தோழர்களின் நினைவாக ஓர் ஓட்டம் வேண்டும் என்று கேட்டார். முதலில் மறுத்தார்கள். விடாமல் கேட்டார். 1921 மே 24 அன்று 34 பேர் ஓடத் தொடங்கினர். 16 பேர் ஓடி முடித்தனர். இன்றோ, ஓடுவோர் ஆயிரக்கணக்கில்.

இத்தனை பேரும் எதை நம்பி ஓடுகிறார்கள்? தங்கள் காலை மட்டுமா? இல்லை, சாலையோரத்து மேசையை நம்பி ஓடுகிறார்கள். பொழுது விடியுமுன் அந்த மேசைகளைப் போடுகிறவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். சங்கத்துக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், குடும்பத்தோடு வந்து நிற்பவர்கள். சிறு பைகளில் அடைத்த தண்ணீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை, உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு - இவைதாம் அவர்கள் படைக்கலம்.

உப்பு எதற்கு என்று கேட்கலாம். மணிக்கணக்கில் வியர்த்தவன் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, தலை சுற்றும், நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து வரும். ஆகவே தண்ணீர் கொடுப்பவனுக்கும் விவரம் வேண்டும். வருபவன் முகத்தைப் பார்க்க வேண்டும். தள்ளாடுகிறானா? பேச்சுக் குழறுகிறதா? உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தொண்டு என்பது இரக்கம் மட்டுமன்று. கவனமும் பயிற்சியும் சேர்ந்த வேலை.

வழியில் இஞ்சாங்கா என்ற இடத்தில் 'எதெம்பேனி' என்றொரு பள்ளி. உடல் ஊனமுற்ற, பார்வை குறைந்த பிள்ளைகளின் பள்ளி. பந்தய நாளில் அப்பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக வந்து, கை நீட்டி, ஓடுகிறவர்களின் கையைத் தட்டி அனுப்புகிறார்கள். கால் சோர்ந்து வருபவன் அங்கே நிமிர்கிறான். யார் யாருக்குத் துணை? ஓட முடிந்தவனுக்கு, நடக்கச் சிரமப்படும் பிள்ளை துணை! இதைவிடப் பெரிய பாடம் வேறு வேண்டுமா?

ஆனால், தோழர்கள் என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? போதாது என்று இந்த ஓட்டத்தின் வரலாறே சொல்கிறது. கறுப்பருக்கும் இந்தியருக்கும் பெண்களுக்கும் 1975 வரை கதவு திறக்கவில்லை. சாலையோரம் நின்று பார்க்கலாம். ஓடியவர் பட்டியலில் பெயர் வராது. 1935-இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் முழுத் தூரமும் ஓடினார். ஓடிய கால் உண்மை, கடந்த தூரம் உண்மை. கணக்கில் மட்டும் அவர் இல்லை! கறுப்பர் ஒருவர் முதல் பரிசு பெற 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சாம் ட்ஷபலாலா.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழனுக்குத் தெரியாத ஊரன்று. 1860 முதல் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் மக்கள் வியர்வை சிந்திய நாடு அது. தில்லையாடி வள்ளியம்மை சிறை வைக்கப்பட்டது இதே ஊரில்தான். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில், பதினாறு வயதில் உயிர் நீத்தாள் அந்த வீரச் சிறுமி. அந்த மண்ணில் இன்று எல்லா நிறத்தவரும் ஓடுகிறார்கள். எல்லா நிறத்தவரும் தண்ணீர் நீட்டுகிறார்கள். இது தானாக வந்ததன்று, போராடிப் பெற்றது.

கூறுவர் சிலர்: "கம்பெனிகள் விளம்பரத் தட்டி கட்டுகின்றன, நுழைவுக் கட்டணம் வசூலாகிறது. கூலியில்லாமல் தொண்டன் ஏன் நிற்க வேண்டும்?" நியாயமான கேள்வி, உழைப்பவன் கேட்கத்தான் வேண்டும். மருத்துவ வண்டியும் காவலும் பந்தயம் நடத்துவோரின் பொறுப்பு. ஓட்டம் முடிந்தபின் சாலையில் கிடக்கும் ஆயிரமாயிரம் பைகளைக் கூட்டி அள்ளுகிறவனுக்கு முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். தொண்டன் பெயரைச் சொல்லித் தொழிலாளியின் கூலியைக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால், தன் தெரு வழியே தாகத்தோடு வருபவனுக்கு அத்தெருக்காரன் மனமுவந்து நீட்டும் தண்ணீர் இருக்கிறதே, அதை எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கியதில்லை. அது மனிதன் மனிதனுக்குச் செய்யும் கடமை.

இன்னொன்று. அந்த ஓட்டத்துக்குக் கெடு 12 மணி நேரம். நேரம் முடிந்ததும், ஓடி வருவோருக்கு முதுகு காட்டி நின்று ஒருவர் துப்பாக்கி வெடிக்கிறார். அத்தோடு சரி. ஒரு விநாடி தாமதித்தாலும் பதக்கம் இல்லை. விதி விதிதான், குறை கூறவில்லை. ஆனால், முதல்வன் போய்ப் பல மணி நேரம் கழித்து, கால் இழுத்து, உதடு உலர்ந்து வருகிறானே கடைசி ஆள், அவனுக்காக ஒரு பை தண்ணீரைப் பத்திரப்படுத்தி ஒருவன் மேசையருகே நிற்கிறான். கூட்டம் கலைந்துவிட்டது; படம் பிடிப்பவன் போய்விட்டான்; அவன் மட்டும் போகவில்லை. அவனே தொண்டன்!

தோழர்களே! நம் ஊரிலும் ஊர்வலம் உண்டு, மாநாடு உண்டு, ஓட்டப் பந்தயமும் உண்டு. மேடைக்கு அருகில் நிற்க ஆயிரம் பேர் வருவார்கள். கடைசி ஆள் வரும்வரை தண்ணீர்ப் பானையருகே நிற்கப் போவது யார்? அந்த இடத்துக்குப் போட்டியிடுவோம். பின்தங்கி வருகிறவனை ஏளனம் செய்யாமல் ஒரு குவளை நீட்டுவோம். நாளை அவன் நிற்பான், நாம் ஓடுவோம்.