சிரிக்காத முகம்... உள்ளே என்ன நடக்கிறது?

காமெடி காட்சி ஓடுகிறது. பார்ப்பவர் மனதுக்குள் ரசிக்கிறார். ஆனால், முகத்தில் சின்னப் புன்னகைகூட இல்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? 'எதுவுமே பிடிக்கலைபோல' என்றுதானே!

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநலப் பிரச்னை, 'அனோரெக்ஸியா நெர்வோசா'. ஆண், பெண் இருவருக்குமே இது வரலாம். இந்தப் பாதிப்பு உள்ளவர்களின் முகபாவனையை, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் ஜேனட் ட்ரெஷர் உள்ளிட்டோர் ஆராய்ந்திருக்கிறார்கள். சிரிப்புக் காட்சி, சோகக் காட்சி இரண்டையும் போட்டுக்காட்டி, பார்த்தவர்களின் முகத்தை வீடியோவில் பதிவு செய்தார்கள். மற்றவர்களைவிட இவர்கள் முகத்தில் உணர்ச்சி குறைவாகவே தெரிந்தது. அதற்காக உள்ளே உணர்ச்சியே இல்லை என்று அர்த்தமில்லை. அது வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி?

பட்டினி ஒரு காரணமாக இருக்கலாம். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களுக்குச் சுமார் ஆறு மாதங்கள் உணவைக் குறைத்துப் பார்த்தார். கலகலப்பாக இருந்தவர்கள் நகைச்சுவை உணர்வை இழந்து, தனிமையில் ஒதுங்கினார்கள். 'உணர்ச்சியைக் காட்டினால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ' என்ற பதற்றம் இன்னொரு காரணம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முகம் பதில் சொல்லாததால், 'திமிர்' என்று நினைத்து நண்பர்கள் விலகுகிறார்கள். தனிமை கூடக் கூட, நோயின் பிடியும் இறுகுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. குணமானவர்களிடம் இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'ஏன் உர்ருனு இருக்கே?' என்று கேட்காதீர்கள். 'மனசு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

* 'இளைச்சுட்டே, அழகா இருக்கே' என்ற பாராட்டு வேண்டாம்.

* சாப்பாட்டு நேரத்தைச் சண்டை நேரமாக்காதீர்கள்.

* எடை வேகமாகக் குறைவது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம்.

முகம் சொல்லாததை வாய் சொல்லட்டும். அதற்கு, கேட்க ஓர் ஆள் வேண்டும்!