பீப்பாயும் கலயமும்

ஜெர்மனிக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பீர்க் கோப்பையைப் பரிசாகக் கொண்டு வந்தார். நான் குடிப்பவன் அல்ல என்பது அவருக்குத் தெரியும். "இது குடிக்கிறதுக்கு இல்லை ஸார், சரித்திரம்!" என்றார். கோப்பையின் மேல் 1040 என்று போட்டிருந்தது.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, பவேரியாவில் ஃப்ரைசிங் என்று ஓர் ஊர். அங்கே குன்றின் மேலிருந்த வைஹென்ஸ்டெஃபான் மடத்துத் துறவிகள் பீர் காய்ச்சினார்கள். 1803-ல் மடம் கலைக்கப்பட்டுச் சொத்து அரசாங்கத்திடம் வந்தது. பீர் மட்டும் நிற்கவில்லை. இன்றும் பவேரிய அரசாங்கமே அந்த ஆலைக்குச் சொந்தக்காரர். அதே குன்றில் பீர் காய்ச்சும் சாஸ்திரம் பல்கலைக்கழகப் பாடமாகவே நடக்கிறது. 1040-ஆம் வருஷத்து உரிமைப் பத்திரம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டுமே! உலகத்திலேயே பழைய ஆலை என்ற பெருமையை அவர்கள் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

"நம்மகிட்டே இந்த மாதிரி ஒண்ணு உண்டா?" என்று கேட்டார் நண்பர்.

நான் அவரை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

தாமிரபரணிக் கரையில் அந்தப் பரம்பு கிடக்கிறது. 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். கிடைத்தவற்றைத் தம் ஊருக்கே கொண்டு போனார். நண்பரின் கோப்பை வந்த தேசத்துக்குத்தான் நம் பானைகள் போயின! பிறகு 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள், நெல் உமி எல்லாம் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டுகளின் காலம் கி.மு. 905 வரை போகிறதென்று 2019-ல் தெரிய வந்தது. அந்தப் பானைகளில் கள் இருந்தது என்று நான் சொல்லவில்லை. போலிப் பத்திரம் எழுத எனக்கு ஆசையில்லை. ஆனால் அதியமான் கள்ளைப் பகிர்ந்து கொடுத்ததை ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறதே, அதை யார் மறுப்பது?

அங்கிருந்து உடன்குடிப் பக்கம் போனோம். வழியெல்லாம் பனை. இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார். காலையும் மாலையும் ஒருவர் மரம் ஏறிப் பாளை சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதனீர்; தடவாவிட்டால் தானாகவே புளித்துக் கள்ளாகிறது. பதனீரைப் பெண்கள் அடுப்பு வெக்கையில் நின்று காய்ச்சினால் கருப்பட்டி. இந்த வித்தைக்குப் பல்கலைக்கழகம் இல்லை. சுண்ணாம்பு இல்லாத கலயம் இறங்கினால் கிடைப்பது பட்டமல்ல, வழக்கு.

சட்டத்தின் கதையையும் கேளுங்கள். 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. ஆனால் ஆலையில் வடித்த சரக்கு மூடப்பட்டதா? 2003 முதல் அதைக் கடை வைத்து விற்பவர் அரசாங்கமேதான்! பாட்டிலில் சீல் இருந்தால் வருமானம். கலயத்தில் நுரை இருந்தால் குற்றம்.

"கள்ளில் கலப்படம் செய்கிறார்களே" என்பார்கள். பாலிலும் கலக்கிறார்கள், பசுவைத் தடை செய்தோமா? "குடி குடும்பத்தைக் கெடுக்கும்" என்பார்கள். சத்தியமான வார்த்தை. குடிகாரன் வீட்டுப் பெண்ணின் கண்ணீரை நானும் பார்த்தவன். அந்தக் கண்ணீர்தான் காரணம் என்றால் எல்லாக் கடைகளையும் மூடுங்கள். முதலில் கைதட்டுகிறவன் நான். பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு கலயத்தை மட்டும் உடைப்பதற்குப் பெயர் ஒழுக்கமல்ல; அது வியாபாரம். பக்கத்துக் கேரளத்தில் கள் விற்கலாம். எல்லைக் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே கள் பாவமாகிவிடுகிறதா?

பனை நம் மாநில மரமாம்! மரத்துக்குப் பட்டம் கொடுத்தோம். ஏறுகிறவனுக்குப் பிழைப்பைக் கொடுக்கவில்லை. அவன் மகன் ஏற மாட்டேன் என்கிறான். ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. இன்னும் ஒரு தலைமுறை போனால் பாளை சீவத் தெரிந்த கையை எந்தப் பரம்பில் தோண்டி எடுப்பது?

நண்பர் பனையோலைப் பட்டையில் பதனீர் வாங்கிக் குடித்தார். "இது எந்த வருஷத்திலிருந்து?" என்று கேட்டார். பனையேறி சிரித்தார். "எங்க தாத்தாவுக்கும் தெரியாதுங்க" என்றார்.

நண்பருக்கு நான் சொல்ல நினைத்த பதில் அதுதான். அதைக் கோப்பையில் எழுதிக் கொடுக்க நம்மிடம் யாரும் இல்லை.